ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 ரூபாயா? புதிய பட்டதாரியின் வேலைக் கடிதத்தைப் படிக்கும் முறை

வேலைக் கடிதத்தில் "ஆண்டுக்கு 3.6 லட்சம்" என்று அச்சாகியிருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 ரூபாய் என்று வீட்டில் சொல்லி, தெருவில் சொல்லி, வட்டிக்காரரிடமும் சொல்லியாகிவிடும். முதல் முழு மாதச் சம்பளமாக வங்கிக் கணக்கில் 22,000 ரூபாய் விழும்போது, மீதியைப் பிள்ளை என்ன செய்கிறான் என்ற சந்தேகம் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. நிறுவனமும் ஏமாற்றவில்லை, பிள்ளையும் ஒளிக்கவில்லை. அந்த எண்ணை எல்லோரும் சம்பளம் என்று படித்ததுதான் பிழை.

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், வீட்டில் முதல் பட்டதாரியாக இந்தக் கடிதத்தைக் கையில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் முன்னனுபவம் உள்ளவர் இருப்பதில்லை. போதாக்குறைக்கு 2025-இல் இரண்டு செய்திகள் வந்தன. மே மாதம், குறித்த காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்டுவதாக எழுதித் தரும் வேலைப் பத்திரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. "இனிமேல் கைக்கு வரும் சம்பளம் குறையும்", "பாதியில் விட்டால் சிறை" என்றெல்லாம் கைப்பேசியில் செய்திகள் சுற்றுகின்றன. எது உண்மை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நேர்முகத் தேர்வில் முடிவாவது எது?

வளாகத் தேர்வு வழக்கமாக நான்கு படிகளில் நடக்கும்: கணக்கும் தருக்கமும் கேட்கும் எழுத்துத் தேர்வு, சில இடங்களில் குழு விவாதம், பாடம் சார்ந்த நேர்காணல், கடைசியாக மனிதவள அதிகாரியுடன் பேச்சு. முதல் மூன்றும் ஆளை வடிகட்ட. நான்காவது, நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு ஆள் ஒத்துவருவாரா என்று பார்க்க. எங்கே போட்டாலும் போவீர்களா, இரவு ஷிப்டுக்குச் சம்மதமா, அரியர் உண்டா, இரண்டு ஆண்டு பத்திரம் எழுதித் தருவீர்களா? கேள்வி மாதிரி இருக்கும் இவை, பின்னால் வரப்போகும் கடிதத்தின் வரிகள். சுயஅறிமுகத்தை ஒரு மாதம் மனப்பாடம் செய்துவிட்டு இந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வருவதுதான் நம் பக்கத்துப் பிள்ளைகளின் பெரிய சறுக்கல். பயிற்சி மையங்கள் அறிமுகத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டலாம்.

"அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு "பிசினஸ்" என்று சொல்லிவிட்டு, "என்ன பிசினஸ்?" என்ற அடுத்த கேள்வியில் தடுமாறுகிறவர்கள் உண்டு. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார் என்று சொன்னால் மதிப்பெண் குறையாது. டீசல் விலை ஏறினால் பங்கு எப்படிக் குறைகிறது என்று இரண்டு வாக்கியத்தில் விளக்கத் தெரிந்த பிள்ளையிடம், அந்த அதிகாரி அதற்குமேல் குடும்பத்தைப் பற்றிக் கேட்க ஒன்றும் இருக்காது.

இடங்களின் எண்ணிக்கை முடிவைத் தீர்மானிக்கிறது என்பதும் மறந்துவிடுகிற ஒன்று. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம், விமானப்படைக்கான நேர்முகத்துக்கு டேராடூன் போனபோது 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இடங்கள் எட்டு.

மூன்று கடிதங்கள், மூன்று எடை

தேர்வான பிறகு வருகிற எல்லாத் தாளையும் "ஆஃபர் லெட்டர்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று வகை உண்டு.

1. விருப்பக் கடிதம்: உங்களை எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று சொல்வது. பெரும்பாலும் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே மின்னஞ்சலில் வரும். சேரும் தேதி இருக்காது. இதை நம்பி வேறு தேர்வுகளுக்குப் போகாமல் இருப்பது ஆபத்து. 2022-இல் இப்படிக் கடிதம் வாங்கிய பொறியியல் பட்டதாரிகள் பலர் ஓராண்டு, இரண்டாண்டு காத்திருந்தார்கள்.

2. வேலை முன்மொழிவு: பதவி, ஊர், ஆண்டுத் தொகை, சேரும் தேதி, பதில் சொல்ல வேண்டிய கெடு ஆகியவை இருக்கும். நீங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டால் ஒப்பந்தத்தின் தொடக்கம்.

3. பணி நியமனக் கடிதம்: சேரும் நாளில் அல்லது அதை ஒட்டித் தரப்படுவது. விடுப்பு, வேலை நேரம், தகுதிகாண் காலம், விலகும் விதிகள் எல்லாம் இதில்தான். முன்மொழிவில் இல்லாத நிபந்தனை இதில் புதிதாக முளைத்திருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சேரும் நாள் காலையில் நாற்பது பேர் வரிசையில் நிற்க, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குவார்கள். முந்தின நாளே மின்னஞ்சலில் பிரதி கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் தந்துவிடும்.

சி.டி.சி.: ஏலத் தொகையும் பங்கும்

கடிதத்தில் இருக்கும் ஆண்டுத் தொகைக்குப் பெயர் சி.டி.சி., அதாவது "காஸ்ட் டு கம்பெனி": உங்களை ஓராண்டு வேலைக்கு வைத்திருப்பதால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. பெயரிலேயே அது செலவு. வரவு என்று நாம்தான் படிக்கிறோம்.

கடற்கரையில் இதை விளக்குவது எளிது. விசைப்படகு கரைக்கு வந்ததும் இறால், நண்டு, கணவாய், மீன் என்று பிரித்து, மிச்சத்தைச் சங்காயத்தில், அதாவது கழிவு மீனில் தள்ளி, எடை போட்டு விலை முடிகிறது. அன்றைய பாடு, அதாவது பிடித்ததை விற்ற மொத்தத் தொகை, 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60,000-ஐப் படகில் போன ஆட்களின் எண்ணிக்கையால் எவரும் வகுப்பதில்லை. முதலில் டீசல், பிறகு ஐஸ், பிறகு சாப்பாட்டுச் சாமான் கழியும். மிஞ்சியதில் படகுக்கு ஒரு பகுதி போகும். அதற்குப் பிறகுதான் ஆட்களின் பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறலாம், வரிசை மாறாது. "இன்றைக்கு எவ்வளவு பாடு?" என்பதும் "உனக்கு எவ்வளவு வந்தது?" என்பதும் இரண்டு கேள்விகள் என்று கரையில் நிற்கிற சிறுவனுக்கும் தெரியும்.

இப்போது 3.6 லட்சக் கடிதத்தைப் பிரிப்போம். தலைப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. மாதத்துக்கு 30,000.

1. அடிப்படைச் சம்பளம்: 15,000.
2. வீட்டு வாடகைப் படி, பயணப் படி சேர்த்து: 9,000.
3. நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., அடிப்படையில் 12 சதவீதம்: 1,800.
4. பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு ஒதுக்கீடு, அடிப்படையில் 4.81 சதவீதம்: 722.
5. குழு மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம்: 478.
6. செயல்திறன் சார்ந்த ஊக்கத்தொகை, 10 சதவீதம்: 3,000.

கூட்டினால் சரியாக 30,000. இதில் மாதாமாதம் சம்பளச் சீட்டில் வரவாகத் தெரிவது முதல் இரண்டு வரிகள்தான்: 24,000. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிக்கப்படும். தொழில் வரி உண்டு. அரசியலமைப்புச் சட்டப்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது, எனவே அதிகபட்சம் மாதத்துக்கு 208. இந்த வருமானத்துக்கு வருமான வரி வராது. கைக்கு வருவது 21,992 ரூபாய்.

காணாமல்போன 8,008 ரூபாய் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் கோபம் பாதி தணியும், பாதி தணியாது.

பி.எஃப். 3,600 உங்கள் பணமே. ஆனால் முழுதும் ஒரே உண்டியலில் விழுவதில்லை. உங்கள் 1,800 முழுமையாக வைப்பு நிதிக்குப் போகும். நிறுவனத்தின் 1,800-இல் ஏறத்தாழ 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய், 550 மட்டும் வைப்பு நிதிக்கு வரும். அந்த ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டு சேவை வேண்டும். கணக்கோடு யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் வரும். அது ஆயுளுக்கும் ஒன்று. அடுத்த வேலையில் புதிய எண் வாங்காமல் பழையதையே கொடுத்தால்தான் சேவைக் காலம் தொடரும்.

பணிக்கொடை 722 அப்படியல்ல. நிரந்தரப் பணியாளருக்கு அது பொதுவாக ஐந்தாண்டு முடித்த பிறகே உரிமையாகிறது. இரண்டாம் ஆண்டில் வேலை மாறுகிறவருக்கு அந்த வரி தாளில் இருந்த மை, அவ்வளவே. புதிய பட்டதாரிகளில் பெரும்பாலோர் ஐந்தாண்டு ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று நிறுவனத்துக்கும் தெரியும். இருந்தாலும் அந்தத் தொகையைக் கூட்டித்தான் 3.6 லட்சம் என்று காட்டுகிறார்கள்.

ஊக்கத்தொகை 3,000 நிச்சயமற்றது. ஆண்டின் முடிவிலோ காலாண்டுக்கு ஒருமுறையோ, நிறுவனத்தின் லாபத்தையும் மேலதிகாரி தரும் மதிப்பீட்டையும் பொறுத்து வரும். முழுதாக வரலாம், பாதியாக வரலாம், வராமலும் போகலாம். கடன் தவணைக்கு இதை நம்பக் கூடாது.

எனவே நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்டால், "இதில் நிலையான தொகை எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. சம்பளம் பேச வந்த இடத்தில் சம்பளத்தைப் பற்றித்தானே கேட்க முடியும்.

இரண்டு துணைச் செய்திகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு: ஊழியரிடம் 0.75 சதவீதம், நிறுவனத்திடம் 3.25 சதவீதம். பெற்றோர் உங்களைச் சார்ந்தவர்கள் என்றால் அவர்களுக்கும் மருத்துவப் பயன் கிடைக்கும் என்பதால் அந்தப் பிடித்தத்தைச் சலிப்போடு பார்க்க வேண்டாம். அடுத்தது, 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை முதன்முறையாக பி.எஃப். கணக்கு தொடங்கி வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு, பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில் 15,000 ரூபாய் வரை இரண்டு தவணையாகக் கிடைக்கும். ஆறு மாதம் முடித்ததும் ஒன்று, பன்னிரண்டு மாதம் முடித்து நிதிக் கல்விப் பயிற்சியையும் முடித்ததும் மற்றொன்று. இதை வாங்கித் தர "ஏஜெண்ட்" எவரும் தேவையில்லை.

2025 நவம்பர் 21-க்குப் பிறகு மாறியது என்ன?

அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய நான்கும் முன்பிருந்த 29 சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டன. நடைமுறை விதிகளை மத்திய, மாநில அரசுகள் தனித்தனியே வகுக்க வேண்டும் என்பதால் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவரைத் தொடுபவை நான்கு.

1. பணி நியமனக் கடிதம் தருவது முதலாளியின் சட்டக் கடமை. "சேர்ந்து வேலையைப் பாருங்கள், கடிதம் பிறகு பார்க்கலாம்" என்பது இனி வெறும் அலட்சியத்தில் சேராது.

2. "ஊதியம்" என்பதற்கு ஒரே வரையறை. படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். அடிப்படையை 30, 35 சதவீதமாகச் சுருக்கி, மீதியைப் பல பெயர்களில் படியாகப் போட்டு பி.எஃப்., பணிக்கொடைச் செலவைக் குறைத்த நிறுவனங்களுக்கு இதனால்தான் நெருக்கடி.

3. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு சேவையிலேயே பணிக்கொடை உரிமை.

4. விலகினாலும் விலக்கப்பட்டாலும் வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

கைக்கு வரும் சம்பளம் குறையுமா? எந்தக் கடிதம் என்பதைப் பொறுத்தது. பி.எஃப். கட்டாயப் பிடித்தத்துக்கான ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய்; அதன் 12 சதவீதம்தான் நாம் மேலே பார்த்த 1,800. நம் மாதிரிக் கணக்கில் அடிப்படை ஏற்கெனவே 15,000 என்பதால் அங்கே குறையாது. அடிப்படை 9,000, படிகள் 15,000 என்று எழுதிய பழைய பாணிக் கடிதத்தில், ஊதியம் கூடும்போது பி.எஃப். பிடித்தமும் கூடி, கைத்தொகை சில நூறு ரூபாய் இறங்கும். அது நிதியில் உங்கள் பெயரில் ஏறுகிறது. கவலைப்பட வேண்டியது வேறு: மொத்த சி.டி.சி. மாறாமல் இருக்க, கூடுதல் பணிக்கொடை ஒதுக்கீட்டையும் உங்கள் தலையிலேயே எழுதிவிடுவார்கள். பழைய கடிதத்தையும் திருத்திய கடிதத்தையும் வரிவரியாக ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பத்திரம்: முன்பணம் வாங்காத கட்டு

விசைப்படகில் ஆள் சேரும்போது உரிமையாளரிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். அதைத் தீர்க்காமல் வேறு படகுக்கு மாற முடியாது. புதிய உரிமையாளர் பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுப்பதும் உண்டு. வேலைப் பத்திரமும் பார்வைக்கு இதே கட்டுதான். இரண்டு ஆண்டுக்குள் விட்டுப்போனால் ஒரு லட்சம் கட்டு என்று நிறுவனம் எழுதி வாங்கும். ஒரு வித்தியாசம்: படகில் பணம் முதலில் கைக்கு வருகிறது. பத்திரத்தில் ஒரு ரூபாயும் கைக்கு வராமலே கடன்காரர் ஆகிறீர்கள். அந்த ஒரு லட்சத்துக்கு ஈடாக நிறுவனம் என்ன செலவு செய்தது என்பதுதான் சட்டத்தின் முதல் கேள்வியும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், அந்தத் தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற பத்திரம் செல்லும் என்றாயிற்று. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு 27-ஆம் பிரிவில் அடிபடாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி, ஆள் எடுக்க ஆகும் செலவையும் காலத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. வழக்குத் தொடுத்தவர் அங்கே மேலாளர் நிலையில் நல்ல சம்பளத்தில் இருந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. எந்த நிறுவனம் எந்தத் தொகையை எழுதி வாங்கினாலும் செல்லும் என்று அந்தத் தீர்ப்பைப் படிப்பது தவறு. பத்திரமே செல்லாத காகிதம் என்று சொல்லித் திரிவதும் தவறு. கைப்பேசியில் இரண்டும் சுற்றுகின்றன.

"பாதியில் விட்டால் சிறை" என்பதற்கு வருவோம். பத்திரத்தை மீறுவது உரிமையியல் வழக்கு. பணம் கேட்கலாம், சிறை இல்லை. ஆனால் பத்திரத்தோடு தேதியும் தொகையும் எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்குகிறார்களே, அங்கேதான் ஆபத்து. அந்தக் காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு ஆகும்; இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்காடி வெல்ல வழி உண்டு என்றாலும், சென்னையிலோ பெங்களூருவிலோ நடக்கும் வழக்குக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் தொண்டியிலிருந்து போய்வர யாரால் முடியும்?

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை:

1. காலம் எப்போது தொடங்குகிறது? சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா? ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டு என்றால் அது இரண்டரை ஆண்டு.

2. நாள் செல்லச் செல்லத் தொகை குறைகிறதா? 23-ஆவது மாதத்தில் விலகுகிறவரும் இரண்டாவது மாதத்தில் விலகுகிறவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்ற வரியைக் குறைத்து எழுதக் கேட்கலாம்.

3. நிறுவனமே அனுப்பிவிட்டால்? 2025 பிப்ரவரியில் ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம், உள் தேர்வில் மூன்று முறை தேறவில்லை என்று தன் மைசூரு மையத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அனுப்பியது. அப்படி அனுப்பப்பட்டால் பத்திரத் தொகை கிடையாது என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

4. ஜாமீன் கையெழுத்து யாருடையது? "அப்பா சும்மா ஒரு கையெழுத்துப் போடட்டும்" என்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமம். பிள்ளையிடம் கேட்காமலே அப்பாவிடம் நேராகக் கேட்க முடியும்.

5. அசல் சான்றிதழ் கேட்கிறார்களா? சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்கத் தேவையில்லை. கல்லூரிகள் கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்துவைத்த வழக்குகளில், அது அடகு வைக்கும் சந்தைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வேலைக்கு முன் "பயிற்சிக் கட்டணம்", "மடிக்கணினி வைப்புத்தொகை" என்று பணம் கேட்டால் அது பத்திரமும் அல்ல, வேலையும் அல்ல. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களிலும் தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் கட்டணம் எதுவும் இல்லை. பணம் போன பிறகு தெரிந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்; முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.

டிரெய்னியும் அப்ரண்டிஸும் ஒன்றல்ல

கடிதத்தில் "அப்ரண்டிஸ்" என்று இருந்தால் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பொருந்தும். அவர் சட்டப்படி பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். உதவித்தொகை உண்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது, முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. "டிரெய்னி" என்பது நிறுவனம் வைத்த பெயர். பெரும்பாலும் அவர் தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஊழியர். இரண்டையும் குழப்பி, அப்ரண்டிஸ் ஆண்டை அனுபவ ஆண்டாக எண்ணி அடுத்த இடத்தில் சம்பளம் பேசப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. விலகல் அறிவிப்பு வரியையும் பாருங்கள்: நீங்கள் விலக மூன்று மாதம், அவர்கள் உங்களை அனுப்ப பதினைந்து நாள் என்று எழுதிய கடிதங்கள் உண்டு.

கடல் தாண்டி வரும் கடிதம்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வளைகுடா வேலை மூன்று தலைமுறைப் பழக்கம். அதனால் வெளிநாட்டுக் கடிதத்தைக் கண்டு வீட்டில் எவரும் பயப்படுவதில்லை. ஆனால் அப்பா போன முறைக்கும் பட்டதாரிப் பிள்ளை போகும் முறைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அவருடைய ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். பட்டதாரிக்கு அந்தக் குறிப்பு இல்லை. அலைச்சல் மிச்சம், கூடவே, அவருடைய ஒப்பந்தத்தை அரசு சார்பில் பார்க்கும் ஒரு கண்ணும் இல்லை.

அந்த வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், அது சட்டம் அனுமதிக்காத தொகை. தமிழ்நாடு அரசுக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது.

தாய்லாந்தில் "டேட்டா என்ட்ரி" வேலை, சுற்றுலா விசாவில் வந்தால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்ற அழைப்பு கணினி தெரிந்த பட்டதாரிகளைக் குறிவைத்தே வருகிறது. அப்படிப் போனவர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022-இல் மியாவாடி பகுதியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போகிறவருக்கு வேலை விசா வேண்டும். சுற்றுலா விசாவோடு வரச் சொல்லும் கடிதத்தில் மற்ற வரிகளைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதல் சம்பளம் வரும்வரை

கடைசியாக, கடிதத்தில் இல்லாத கணக்கு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கடைசிப் பருவத் தேர்வும் வேலைக்குப் போகும் ஏற்பாடும் இதே நாட்களில்தான் வருகின்றன. படகு கட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்.

சென்னையில் ஜூலை 21 அன்று சேர வேண்டும் என்று கொள்வோம். பல நிறுவனங்கள் மாதத்தின் 20-ஆம் தேதியை ஒட்டிச் சம்பளக் கணக்கை முடித்துவிடும். அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு அந்த மாத நாட்களின் சம்பளமும் ஆகஸ்ட் கடைசியில்தான். அதுவரை விடுதி முன்பணம் 10,000, ஜூலையின் மிச்ச நாட்களுக்கு 3,000, ஆகஸ்ட் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 8,500, ரயில், பஸ், இரண்டு சட்டை, ஒரு ஜோடி ஷூவுக்கு 2,500 என்று வைத்தால் மொத்தம் 24,000 ரூபாய். நிவாரணத் தொகையின் மூன்று மடங்கு. ஜூன் 15 அதிகாலை கடலுக்குப் போகும் படகின் முதல் சில பாடுகளிலிருந்து இது வர வேண்டும், இல்லையென்றால் வட்டிக்கு வர வேண்டும். கல்விக் கடன் இருந்தால், பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது என்பது மட்டும் ஆறுதல். உங்கள் கடன் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தேதியை வங்கியில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 31 அன்று ஜூலையின் 11 நாட்களுக்கு 7,800 ரூபாய் சொச்சமும் ஆகஸ்டுக்கு 22,000 ரூபாயும் சேர்ந்து, கணக்கில் ஏறத்தாழ 29,800 ரூபாய் விழும். வகுத்துப் பார்த்துச் சொன்ன 30,000 வந்தே விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றும். செப்டம்பரில் 22,000தான் வரும் என்பதை அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.